உளுந்து நடுங்குகிறது

பூர்க்டோர்ஃபில் பிப்ரவரி.
எம்மே ஆற்றங்கரையில்
கல்லுக்குக் கூடக் கண்ணாடித் தோல்.
எட்டு வாரக் குட்டி, கருப்பு,
உளுந்து என்று பெயர் வைத்தேன்.
சப்பாத்துப் பெட்டிக்குள் விடியும்வரை நடுங்கியது.

ஹீட்டரை மூன்றிலிருந்து ஐந்துக்குத் திருப்பினேன்.
நடுங்கியது.
வெந்நீர்ப் போத்தலைக் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து
முதுகோடு சேர்த்து வைத்தேன்.
காலுறையைக் கடித்துக்கொண்டே நடுங்கியது.

என் பிழைப்பு மொழிபெயர்ப்பு.
விசாரணை அறைகளில், பிரசவ வார்டுகளில்
மணிக்கணக்குக் கூலிக்கு
ஒருவர் வாயை இன்னொருவர் காதில் ஊற்றுபவன்.
நடுக்கத்துக்கு மட்டும் எத்தனை சொல் என்னிடம்!
வெடவெட, கிடுகிடு, உதறல்,
பல் தந்தியடிப்பது.
பெட்டிக்கருகே குந்தியிருந்து
ஒவ்வொன்றாய்ப் பொருத்திப் பார்த்தேன்.
ஒன்றுக்கும் வாலாட்டவில்லை.

காலையில் மருத்துவர் ஏகர்ட்டர்
தராசில் வைத்தார்: இரண்டு கிலோ முன்னூறு.
ஈறு பார்த்தார்.
வெப்பமானியைச் செருகியபோது
நான்தான் துரோகி என்பதுபோல் என்னைப் பார்த்தது.
"நோயில்லை.
பிறந்த குட்டிக்கு நடுங்கவே வராது, தெரியுமா?
குளிர்ந்தால் குளிர்ந்தபடியே கிடக்கும்.
தாயின் வயிறும், கூடப் பிறந்தவற்றின் குவியலும்தான் அதற்குச் சூடு.
சில வாரம் போனபிறகே தசை பழகும்
தன் அடுப்பைத் தானே மூட்ட."

"அப்போ இது குளிரா?"

"இருக்கலாம். பசியாயிருக்கலாம்.
குவியல் இல்லாத முதல் கிழமை வேறு.
நீங்கள் கதவைத் திறந்தால் சந்தோஷத்திலும் நடுங்கும்."
கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

போன ஜூலை. பெர்னில் ஓர் அறை.
தருமபுரத்துப் பையன், மேசைக்கடியில் முழங்கால் ஆட,
தண்ணீர்க் குவளையில் வட்டம் வட்டமாய் அலை.
குளிருதா என்று அதிகாரி கேட்டார்.
தமிழில் கேட்டேன்.
"ஓம், குளிர்" என்றான்.
வெளியே முப்பத்தொரு பாகை.
அவன் சொன்னதைத்தான் சொன்னேன்,
ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.
ஜன்னலைச் சாத்தினார்கள்.
சாத்தியது பதிவிலும் ஏறியது.

ஓபர்பூர்க்குக்கு ஒரே ஒரு நிறுத்தம்.
கோட்டுக்குள் உளுந்து,
நெஞ்செலும்பில் அதன் உதறல்
என்னுடையதுபோல் ஓடுகிறது.
எதிர் இருக்கைக்காரி குனிந்து கேட்கிறாள்:
"பாவம், குளிரா அதுக்கு?"

இன்னும் தெரியவில்லை என்றேன்,
இருபது வருடத் தொழிலில்
ஒருமுறையும் சொல்ல அனுமதியில்லாத பதில்.

உளுந்து
மேல் பொத்தானைப் பிய்க்கத் தொடங்கியிருந்தது.