எட்டு

ஹால்வர்சன் ஆறடி நாலங்குலம்.
படகை எனக்கு விற்றுவிட்டு
அரிசோனாவுக்குக் குடிபோனார்.
பாய், கயிறு, துரு ஏறிய நங்கூரம்,
எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.
தளத்தில் அவர் கால்கள் மிச்சமிருப்பதை மட்டும்
சொல்லவில்லை.

மே மாதக் கடைசி.
சுப்பீரியர் ஏரியில் பனிக்கட்டி உடைந்து மூன்று வாரம்.
டிரெய்லர் மேல் என் பத்தொன்பது அடிப் படகு.
தரையில் நிற்கும்போது எந்தப் படகும்
கொஞ்சம் அசடாகத்தான் தெரிகிறது.
முட்டி போட்டுப் பழைய பட்டைகளை உரிக்கிறேன்.
வழுக்கக் கூடாதென்று ஒட்டியவை,
இப்போது அவைதான் வழுக்குகின்றன.

ஹேர் டிரையரால் சூடு காட்டி
பட்டி பார்க்கும் தகட்டை ஓரத்தில் நுழைத்தால்
ஒன்று முழுசாக வருகிறது, பாம்புச் சட்டை மாதிரி.
அடுத்தது நகம் நகமாக.
பசை போவேனா என்கிறது.
அசிட்டோன், துணி, மறுபடி அசிட்டோன்.
அடியில் வெளுக்காத நீலம்:
முப்பது வருஷத்துக்கு முன் படகு என்ன நிறம் என்பது
எட்டு இடத்தில் மட்டும் தெரிகிறது.

உரித்ததைப் புல்லில் வரிசையாகப் பரப்பினேன்.
வலப்பக்கத்து நான்கும் மொட்டை.
இடப்பக்கத்தில் ஒன்று, நேற்று கடையில் வாங்கியதுபோல்
மணல் மணலாக.
மனுஷர் அந்தப் பக்கமாய் அணியத்துக்குப் போனதே இல்லை.
காற்று எங்கிருந்து அடித்தாலும்
வலதுதான்.

போன ஜூலையில் நான் விழுந்தது
இரண்டாவது பட்டைக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்.
முன்பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, ஓடினேன்.
ஒரு கால் பட்டையில்.
மற்றது, அவர் கால் விழுந்திருக்கும் இடத்துக்கு
ஒரு சாண் முன்பே, ஈர வழவழப்பில்.
கம்பியைப் பிடித்துத் தொங்கினேன்,
முழங்கால் வரை ஏரி.
அவசரக்காரி, அவசரக்காரி என்று
பத்து மாதமாக
என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

நியெமி காபிக் குடுவையோடு வந்தார்.
"பழைய தடத்திலேயே ஒட்டிடு, டெல்ஃபின்.
அளக்கிற வேலை மிச்சம்."

செருப்பைக் கழற்றி
வாளித் தண்ணீரில் காலை நனைத்து
அமரத்திலிருந்து நடந்தேன்.
போகும்போது வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம்,
யாரும் பார்க்காததுபோல்.
நியெமி பார்த்துக்கொண்டிருந்தார்.
ஈரம் காய்வதற்குள் ஒவ்வொரு தடத்துக்கும்
பென்சிலால் ஒரு கோடு.

அவர் எட்டு வைத்தால் எட்டு.
நான் வைத்தால் பதினொன்று.

மூலைகளை நாணயம் வைத்து வளைவாய் வெட்டினேன்,
கூர் மூலைதான் முதலில் தலை தூக்கும்.
பத்து டிகிரிக்குக் கீழே பசை பிடிக்காதாம்;
வெயில் ஏறும்வரை காபி.
பிறகு ஒரு ஓரத்திலிருந்து மெல்ல இறக்கி,
ரொட்டி தேய்க்கும் உருளையால் அழுத்தி,
காற்றுக் குமிழைக் கட்டை விரலால் விரட்டி...
நாலாவது கோணலாகப் போய்விட்டது.
அப்படியே விட்டேன்.
என் கறுப்புப் பட்டைகளுக்கு இடையே
அவருடைய நீலக் கட்டங்கள், பாதி மூடியும் மூடாமலும்.
பார்க்க நன்றாகவே இல்லை.

மேலே ஏறி அணியம் வரை நடந்தேன்.
கீழே பார்க்காமல்.

கட்டில் பன்னிரண்டு. ஒன்று மீதி.
நியெமி தன் சவுனா வாசல் படிக்குக் கேட்டார்.
ஜனவரியில் அங்கே விழுந்ததை
இதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம்.
"ஒரே படி, நடுவிலே ஒட்டினா ஆச்சு."

பூட்ஸைக் கழற்றச் சொன்னேன்.