ஒலிநாடா எண் பதினொன்று

எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளாத மொட்டைகள்.
ஹல் நகரம், ஹெசல் சாலை, பேருந்து நிழற்குடை.
எழுபத்தொன்பது பிப்ரவரி.
நான்கு பையன்கள், எட்டு பூட்ஸ்,
செய்தித்தாளில் பொதிந்த உருளைக்கிழங்கு வறுவல்,
வினிகர் நெடி.

பல்கலைக்கழகம் இரவல் தந்த டேப் ரெக்கார்டரை
மடியில் வைத்துக்கொண்டு
பிரிஜிட் ஹால்டன்பி கேட்கிறாள்:
ஏன் இப்படி?
எப்படி, என்கிறான் கிளைவ் பிளெங்கின்.

அவள் பையில் காரணங்கள் இருக்கின்றன.
கடையைக் கண்ணில் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினால்
பிள்ளைகள் கூரையைப் பிரிப்பார்கள் என்பது ஒன்று.
பள்ளிக்கூடம் போட்ட சுழியைப்
பதக்கமாகக் குத்திக்கொள்கிறார்கள் என்பது இன்னொன்று.
பொல்லாதவன் பொல்லாதவன் என்று
நாலு பேர் சொல்லச் சொல்ல
அளவெடுத்துத் தைத்ததுபோல் அந்தப் பெயர்
தோளில் உட்கார்ந்துவிடும் என்பதும் உண்டு.

அவளுக்குப் பிடித்தது வேறு.
ரயிலில் வரும்போதே எழுதி முடித்திருந்தாள்:
ஐஸ்லாந்து கடலில் கோடு கிழித்தது,
மீன்பிடிக் கப்பல்கள் துருப்பிடித்தன,
தகப்பன்கள் பட்டப்பகலில் வீட்டிலிருக்கிறார்கள்.
மகன்கள் அந்த உழைப்பாளி பூட்ஸை எடுத்து
ரத்தச் சிவப்பில் பாலிஷ் போட்டு
வேலைக்குப் போகாத பூட்ஸாக்கினார்கள்.
கைவிட்டுப் போனதைக் காலில் மாட்டிப் பார்க்கிறார்கள்.

அழகான வாக்கியம். அடிக்கோடிட்டிருந்தாள்.

உன் அப்பா எந்தக் கப்பல்?
தபால்காரர். படகைப் பார்த்தாலே வாந்தி எடுப்பார்.
நாடாவில் இங்கே
நெடுநேரம் சிரிப்பு.

ஏழாம் நாடாவில் கண்ணாடி உடைகிறது.
எதிர்ச்சாரியில் சீன உணவுக்கடை.
இடம்மாறிய சினம் என்று அத்தியாயம் நான்கு அதைச் சொல்லும்.
விடியும்வரை துடைப்பத்தோடு நின்ற திருமதி லாவ்
அதற்கு வைத்திருந்த பெயரை
யாரும் பதிவு செய்யவில்லை.

புத்தகம் வந்தது. இரண்டு பதிப்பு.
பிரிஜிட்டுக்கும் ஒரு கூட்டம் அமைந்தது:
முழங்கையில் தோல் ஒட்டிய கோட்டுகள்,
ஒரே மதுக்கடை, ஒரே மாதிரி இருமல்,
வெளியாட்களுக்குப் புரியாத சொற்கள்.
அவர்கள் ஏன் அப்படி என்று
ஆராயப் பணம் ஒதுக்குவார் இல்லை.

இருபத்தேழு வருடம் கழித்து, பூஞ்சை பிடிக்குமுன்
நாடாக்களைக் கணினியில் ஏற்றும்போது
பதினொன்று.
டீ வாங்கப் போனவள்
அணைக்க மறந்திருக்கிறாள்.
மழை. பிறகு ஒரு பெண் குரல்.
பெஞ்சின் ஓரத்தில் இருந்தவள், குறிப்பேட்டில்
'உடன் ஒரு பெண்' என்று மட்டும் இருப்பவள்,
லோரைன் ஸ்டாதர்ஸ்.

இது இன்னும் சுத்திக்கிட்டிருக்கே.
சரி, கேட்டுக்கோ.
மொட்டை அடிக்கிறது நான்தான்.
எங்க நாய்க்கு வாங்கின கிளிப்பர்.
கிளைவுக்குப் பேன். தனியா மொட்டையா
ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுதான்.
மத்த மூணு பேரும்
ஒண்ணும் பேசாம வந்து நாற்காலில உட்கார்ந்தாங்க.
அவ்வளவுதான்.
எங்க வீட்டுச் சமையலறைதான் சூடா இருக்கும்.
அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்தாங்க.

மழை.
யாரோ நடந்து போகிறார்கள், காத்திருக்கிறாள்.

அந்தக் கடைக் கண்ணாடி.
அவனுங்க இல்லை. நான்.

ஏன் என்று கேட்க நிழற்குடையில் ஆளில்லை.
நாடா சுற்றுகிறது.
தன் வீட்டு அறையில், ஐம்பத்து நான்கு வயதில்,
ஹெட்போனைக் கழற்றாமலே
ஏன், என்கிறாள் பிரிஜிட், வாய்விட்டு.

பேருந்து வந்து நிற்கிறது.
பிரேக்கின் கிறீச்.
நனைந்த பூட்ஸ் படியேறும் ஓசை,
கனமில்லாத ஒரு ஜோடி.