நூற்றுப்பதினான்கா, தொண்ணூற்றேழா

ஐந்து பேருக்கு ஒரு தூரக்கண்ணாடி.
அதிலும் இடது குழலுக்குள் பூஞ்சை படர்ந்து
எந்தப் பறவைக்கு மேலும்
ஒரு சின்ன மேகம் மிதக்கும்.

முதலில் தாணுலிங்கம்தான் வாங்குவான்.
வடசேரி – திங்கள்சந்தை ரூட்டில் கண்டக்டர்.
ஏறுகிற தலைகளை ஒரே பார்வையில் எண்ணி
டிக்கெட் எடுக்காதவனை
முதுகை வைத்தே பிடிப்பவன்.
"எல, எண்ணிக்கைய எங்கிட்ட விடு" என்பான்.
பஸ்ஸில் யாரும் பறந்து போவதில்லை என்பதை
வாரம் தவறாமல் மறந்துவிடுவான்.

நான் பல்செட்டு செய்கிறவன்.
ஆறு நாளும் அடுத்தவர் வாயின் அச்சுகள்,
மேல்தாடை, கீழ்தாடை, மெழுகு, அரம்.
ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே
பல்லே இல்லாத இந்தக் கூட்டத்தைப் பார்க்கத்
தேரூர்க் குளத்துக்கு வந்துவிடுகிறேன்.
அரிவாள்மூக்கன் சேற்றைக் குத்தும்போது
அதன் கடைவாயை நினைக்காமலிருக்க
எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

விஜிலா ஆசாரிப்பள்ளத்தில் நைட் டூட்டி முடித்து
அப்படியே காரில் ஏறிக்கொள்வாள்.
பின்சீட்டில் தூக்கம்.
கால்கள் ஜன்னலுக்கு வெளியே.
"வீட்ல போய்ப் படுக்கலாம்லா" என்றால்
"இங்க படுத்தாத்தான் வருது" என்பாள்.

நசீருக்குத் தக்கலையில் செல்போன் கடை.
உடைந்த திரைகளையே பார்த்துப் பார்த்து
ஊரில் இல்லாத பறவை அவனுக்கு மட்டும் தெரியும்.
"அந்தா பாரு, வரப்போரம்.
வெள்ளை. ஒத்தக் காலு.
நம்ம நோட்டுலயே இல்லாத சாதனம்."

கண்ணாடி கைமாறியது.
கொக்கு இல்லை, கழுத்து மடியவில்லை.
மஞ்சமூக்கு நாரை என்றால் மஞ்சள் எங்கே?
கரண்டிவாயன் என்றேன் நான்.
கூழைக்கடா, இளசு, என்றான் தாணு.
எச்சில் தொட்டுப் புத்தகம் புரண்டது.
பக்கம் நாற்பத்தாறு. இல்லை, அறுபத்தொன்று.
ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து காற்று வந்தது.
அது இறக்கையை விரித்தது.
நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

பின்சீட்டிலிருந்து தலை மட்டும் எழும்பியது.
"அது உரச்சாக்கு.
கம்புல கெட்டி வச்சிருக்கு."
தலை மறுபடி படுத்தது.

சிரித்த சிரிப்பில் தாணுவுக்குப் புரையேற,
அந்த இருமலில் குளமே எழும்பிவிட்டது.
நாமக்கோழிகள் தண்ணீர்மேல் ஓடி ஓடி,
தாழைக்கோழிகள் தாமரைக்குள் புகுந்து,
நாரைகள் மட்டும் ஆற அமர,
கடன் கொடுத்தவர்கள் எழுந்திருப்பதுபோல் எழுந்து
மருத்துவாழ்மலைப் பக்கமாய் ஒரு வட்டம் அடித்தன.
எண்ணுவதானால் அப்போதுதான் எண்ணவேண்டும்.
நூற்றுப்பதினான்கு என்றான் தாணு.
தொண்ணூற்றேழு, நான்.
நசீர், இருநூறு.
அவன் எப்போதும் இருநூறுதான்.

சுசீந்திரம் முக்கில் சாயா குடிக்கும்போதும்
கணக்கு முடியவில்லை.
"செக்கர் ஏறினா நீ சஸ்பெண்டு மக்கா" என்றான் நசீர்.
பதிலுக்குத் தாணு
அவன் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்த ரசவடையை
முழுசாகத் தூக்கி வாயில் போட்டான்.
ஆஷ்லின் மட்டிப்பழம் தின்றுகொண்டே
எதையோ எழுதினாள்.
எட்டிப் பார்த்தால் கையால் மறைத்தாள்.
பதினொரு வயசு, நோட்டு அவள் பொறுப்பு.

ராத்திரி, விஜிலா டூட்டிக்குப் போனபிறகு
புரட்டினேன்.

தேதி. தேரூர். வெயில் கொஞ்சம்.
நாரை: சண்டை.
நாமக்கோழி: நெறய.
உரச்சாக்கு: 1. உறுதி செய்தவர், அம்மா.

மூன்று வருஷத்தில் நாங்கள் எல்லோரும்
ஒத்துக்கொண்ட ஒரே எண் அது.

அதற்கும் கீழே, பென்சிலில், சின்னதாக:
அம்மா தூங்கினது ரெண்டு மணி பத்து நிமிஷம்.
நடுவுல ஒரு தடவ முழிச்சா.
கார் கதவ யாரும் டப்புன்னு அடைக்கல.