பதினேழாம் போர்ட்

மன்னார்குடி பாசன அலுவலகம். ஐப்பசி.
ஸ்விட்ச்சில் இருபத்துநாலு போர்ட்.
குரலுக்கு ஒரு விலான், கணினிக்கு இன்னொன்று.
"ஒரே வாய்க்காலில் கலக்காத ரெண்டு தண்ணியா?"
ஏ.இ. சிரித்தார். ஏறக்குறைய அதுதான்.
தெரியாத முகவரி நுழைந்தால்
தானே அடைத்துக்கொள்ளும்படி எழுதினேன்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு கூத்தாநல்லூர் பஸ் பிடித்தேன்.

அன்றைக்கே கூரை ஒழுகியிருக்கிறது.
ஞானசௌந்தரி மேடம் போனை மட்டும் தூக்கி
பீரோ ஓரம், பதினேழில் செருகிவிட்டார்.
ஒன்பதில் பதிந்த முகவரி அது.
பதினேழு செத்தது.
போனுக்குக் கரண்டும் அந்த வயரில்தான்:
திரை இருண்டது, யாரும் பார்க்கவில்லை.

இரவு இரண்டேகால்.
கோரையாற்று ரெகுலேட்டரிலிருந்து லஸ்கர் வேம்பையன்
ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறார்.
எட்டாவது தடவை கூப்பிடவில்லை.
ஷட்டரைத் தானே ஏற்றிவிட்டார்,
ஒற்றை ஆளாய், ராடு வழுக்க வழுக்க.

காலையில் லாக் பார்த்தேன்.
நான் எழுதியது எழுத்துப் பிசகாமல் நடந்திருக்கிறது.
விதிமீறல்: ஒன்று.

பக்கத்து மேசையில்
வேம்பையனுக்கு மெமோ டைப் ஆகிறது,
உத்தரவின்றித் திறந்ததற்கு.
மழை இன்னும் விடவில்லை.

ஒன்பதில் பழைய முகவரியை அழித்தேன்.
பதினேழை எழுப்ப இரண்டே கட்டளை:
மூடு.
மூடாதே.