ஈரக் கழிவு

தலைப்பு: உழைப்பே உயர்வு தரும்.
இருநூற்றைம்பது சொல். இருபது புள்ளி.

முதல் தடவை நான் எழுதியது
அடித்தல் திருத்தல் இல்லாத மூன்று பக்கம்.
'இந்து சமுத்திரத்தின் முத்தென விளங்கும்
எழில்மிகு எம் இலங்கைத் திருநாட்டிலே'
என்று புறப்பட்டு
உழைப்புக்கு வந்து சேர
ஒரு பக்கமும் நாலு வரியும் பிடித்தது,
மஸ்கெலியாவிலிருந்து வரும் கடைசி பஸ்
நீர்த்தேக்கத்தை முழுசாகச் சுற்றிவிட்டுத்தான்
எங்கள் மேற்பிரிவுச் சந்தியில்
மூச்சு விடுவதுபோல.

எறும்பு வந்தது. தேனீ வந்தது.
சிலந்தி ஏழு தரம் விழுந்து எழும்பியது.
கடைசியில் 'எனவே நாம் அனைவரும்' வந்தது,
வகுப்பு முழுக்க முப்பத்தொரு கொப்பியிலும்
அதே வெள்ளைச் சட்டையோடு.

ஒன்பது புள்ளி.
ஓரத்தில் சிவப்புப் பேனை கேட்டிருந்தது:
என்ன சொல்ல வருகிறாய்?

எனக்கும் தெரியாது.
ஜெசிந்தாவுக்குப் பதினான்கு.
கொப்பியைக் கடன் கேட்டேன், தரவில்லை.
'நீ பாத்து எழுதுவ' என்றாள்.
உண்மை. பார்த்துத்தான் எழுதியிருப்பேன்.

சனிக்கிழமை காலை
அம்மாவுக்கு ரொட்டி கொண்டுபோய்
கொழுந்து மடுவத்தில் நின்றேன்.
தராசு ஆறு என்றது.
துண்டில் ஐந்து என்று விழுந்தது.
சாக்குக்கும் ஈரத்துக்குமாக ஒன்று கழிவாம்.
பகல் நிறுவையில் எட்டு;
எழுதியது ஏழு.
கொட்டி உதறிய சாக்கில்
நாலு இலைதான் ஒட்டியிருந்தது.

அன்றிரவு என் கட்டுரையைத் தராசில் தொங்கவிட்டேன்.
முத்தென விளங்கும்: ஈரம். கழி.
எழில்மிகு: ஈரம்.
எறும்பு, தேனீ: வேறு யாருடைய கொழுந்தோ.
சிலந்தி பாவம், அதையும் கழி.
'என்றால் அது மிகையாகாது': வெறும் சாக்கு.
மூன்று பக்கத்தில் மிஞ்சியது ஏழு வசனம்,
அதிலும் ஒன்று கேள்வி:
யாருக்கு?

அந்தக் கேள்வியைத் தூக்கி
முதற் பந்தியில் வைத்தேன்.
அதற்குக் கீழே மடுவம், தராசு, துண்டு.
காலை ஐந்து, பகல் ஏழு,
அந்திக்கு ஆறு.
ஆகப் பதினெட்டு.
பதினெட்டு எடுத்தால் முழுப்பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
எல்லாக் கழிவையும் தாண்டி
அம்மா முழுப்பேர் வாங்கிவிட்டாள்,
ஆதலால் உழைப்பு உயர்வு தரும்,
மெதுவாகத் தரும், என்று முடித்தேன்.
ஒவ்வொரு பந்தியும் அடுத்த பந்தியின்
கையைப் பிடித்திருந்தது.
எனக்கே ஆசையாக இருந்தது.

காம்பராவில் விளக்கடியில்
உரக்க வாசித்துப் பார்த்தேன்.
அம்மா காலில் அட்டை கடித்த இடத்துக்கு
சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.
'அந்திக்கு ஆறா? யாரு சொன்னா?'
'நாலு மணிக்கு நல்ல வெயில் அடிச்சதே,
ஈரம் ஏது?'
'வெயில் அடிச்சாலும் ஈரந்தான்.
அஞ்சுதான் எழுதினாங்க.'

ஐந்து, ஏழு, ஐந்து.
பதினேழு.
அவள் மறுபடி சுண்ணாம்புக்குக் குனிந்தாள்.

இரண்டு நிறுவை நான் பார்த்தது.
மூன்றாவது, கட்டுரை வடிவாக முடிய வேண்டுமென்று
நானே நிறுத்தது.

ஆறை அடித்து ஐந்து போட்டேன்.
பதினெட்டை அடித்தேன்.
முழுப்பேரை அடித்தேன்.
'ஆதலால்' தானாகவே
பிடி விட்டுச் சரிந்தது.

திங்கள் முதல் பாடம் தமிழ்.
முடிவுரைக்கு ஒன்பது வரி விட்டிருக்கிறேன்.
இன்னும் ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்:
அன்று வெயில் அடித்தது.