ஓங்கிய கோடரி

மாக்டபர்க் தாண்டி ஒரு லாரி நிறுத்தம்.
நாற்பது லாரி, இரண்டு கழிப்பறை, விடாத தூறல்.
டேக்கோகிராஃப் சொல்லிவிட்டது:
இனிப் பதினோரு மணி நேரம் சக்கரம் அசையக் கூடாது.
கட்டைவிரல்களைப் பற்றி
அது எதுவும் சொல்லவில்லை.

மார்ச்சில் என் லாப்டாப் செத்தது,
பீட்ரூட் சூப் குடித்து.
விசையிடுக்கெல்லாம் சிவந்து
கொலை நடந்த இடம்போல் கிடந்தது.
அன்றிலிருந்து எல்லாம் இதில்தான்.
ரொட்டி வெட்டும் பலகையளவு,
இரு பக்கமும் பொத்தான்கள்,
முதுகில் பெருமூச்சு விடும் ஒரு விசிறி.
விளையாடத்தான் வாங்கினேன்.
"பையனுக்கா?" என்றான் கடைக்காரன்.
ஆமாம் என்றேன்.
எனக்குப் பையன் இல்லை.

இன்றிரவு ஏழாவது முறையாக
அந்தக் கயிற்றுப் பாலத்தில் நிற்கிறேன்.
எதிரே அரக்கன்.
கோடரியை ஓங்குகிறான்.
இறங்குமுன் அரை நொடி கிடைக்கும்,
அதற்குள் உருண்டுவிட வேண்டும்.
அந்த அரை நொடியில்
திரையோரம் டிங் என்றது.
முதலாளி விட்மந்தாஸ்:
"லியோன் சரக்கு ரசீது எங்கே, ஸ்கைஸ்தே?"

நிறுத்தினேன்.
கோடரி வானத்திலேயே நின்றது.

மேசைத்திரைக்கு மாறினால் எல்லாம் எறும்பெழுத்து.
அம்புக்குறியை விரல்நுனியால் தள்ளித் தள்ளி
கட்டத்துக்குள் கொண்டுபோவதற்குள்
அது அடுத்த கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
முப்பத்து மூன்று பலகையடுக்கு.
இருபத்திரண்டு டன்.
விசைப்பலகை எழும்பி வந்து
பாதிப் படிவத்தை மறைத்துவிடுகிறது.
என்ன எழுதுகிறேன் என்று பார்ப்பதில்லை,
நம்புகிறேன், அவ்வளவுதான்.
என் பெயரின் கடைசி எழுத்துக்குத் தலையில் ஒரு புள்ளி உண்டு.
இந்தப் பலகையில் அது எங்கே ஒளிந்திருக்கிறதோ.
மார்ச்சிலிருந்து புள்ளியில்லாமல் நடமாடுகிறேன்,
ரசீதில், சுங்கக் கணக்கில்,
பல் மருத்துவரின் வரிசையில்.

கண்ணாடியில் தட்டினான்
பக்கத்து லாரி கோஸ்தெல், ருமேனியாக்காரன்.
நேற்று இதைப் பார்த்துச் சிரித்தவன்.
இன்று போன் திரை நொறுங்கிப்போய்
ரோஸ்டாக் கப்பலுக்குச் சீட்டு மாற்ற வேண்டுமாம்.
ஏறி உட்கார்ந்தான், ஈரக் கோட்டோடு.
அவன் எண்களைச் சொல்லச் சொல்ல
நான் கட்டைவிரலால் அடித்தேன்.
காலை ஒன்பது மணிக் கப்பல், கிடைத்தது.
சன்னலை மூடும்போது
பின்னாலிருந்து அரக்கன் தெரிந்தான்.
"இவன் யார்?"
"காத்திருக்கிறான்."
"எவ்வளவு நேரமாக?"
"ஒரு மணி நேரம் இருக்கும்."
கொஞ்சம் யோசித்தான் கோஸ்தெல்.
"பாவம். கை வலிக்கும்."

இரண்டு அவித்த முட்டை தந்துவிட்டு
இறங்கிப் போனான்.

மறுபடி டிங்.
பனெவெஜிஸிலிருந்து நோட்டரி.
வீட்டில் என் பாதியை
தவுத்வீதஸ் பேருக்கு மாற்றும் தாள்,
பதினான்கு பக்கம்.
பதினான்கையும் படித்தேன்.
சமையலறை ஒன்பது சதுர மீட்டராம்,
இத்தனை வருஷம் அளந்ததில்லை.
கடைசிப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்:
இங்கே விரலால் கையெழுத்திடவும்.

விரலில் முட்டை உப்பு.
கால்சட்டையில் துடைத்தேன்.
கோடு கோணிக்கொண்டுதான் போனது,
மலைப்பாதைபோல.
ஆனால் விரல்தானே, பலகை இல்லையே,
கடைசி எழுத்தின் மேல்
புள்ளியை வைத்தேன்.
எல்லாத் தாளையும் விட்டுவிட்டு
இதில்.

பேட்டரி ஒன்பது சதவீதம்.
பாலத்துக்குத் திரும்பினேன்.
அவன் அப்படியே நின்றான்,
கோடரி தலைக்கு மேல், பல் தெரிய.
எனக்காக இவ்வளவு நேரம்
யாரும் எதையும் ஓங்கிப் பிடித்ததில்லை.
தொடர் பொத்தான்மேல் விரல் வைத்தேன்.
எடுத்தேன்.
மேல் விளிம்பின் பொத்தானை அழுத்த
திரை அணைந்தது, அவனோடு.

காலை ஐந்தரை.
கதவுப் பையில், கையுறைக்கு அடியில் கருவி.
உள்ளே இருட்டில் அவன், ஓங்கியபடி.
லியோன்வரை அப்படியே வரட்டும்.
வாசலில் கோஸ்தெல் இடப்பக்கம் திரும்பினான், நான் வலப்பக்கம்.
ஹாரன் அடிக்கவில்லை அவன்.
சன்னல் வழியே ஒரு கையை
நேராக மேலே தூக்கி
இறக்காமல் பிடித்தபடி போனான்
மழைக்குள்.