கசிவு எண் பத்தொன்பது

நடத்துநர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.
"என்னம்மா, இடியாப்பத் தட்டா?"
பார்க்க அப்படித்தான் இருக்கும்:
அறுகோணத் தகடு, நூற்று இருபத்தெட்டுத் துளை,
துளைக்கொரு மைக்.
லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டார்.

நீடாமங்கலத்தில் இறங்கி, ஆற்றுப் பாலம் தாண்டி
நைனா முகம்மது மாடர்ன் ரைஸ் மில்.
தை மாதம். நெல் லாரிகள் வாசலை மீறி
ரோட்டிலும் நின்றன.
"கம்ப்ரசர் கண்ணே மூட மாட்டேங்குது" என்றார் முதலாளி,
"கரண்ட் பில்லப் பாத்தா எனக்கும் அதே கதைதான்."

தனித்தனியாக வந்ததை ஒன்றாக்கினேன்.
கைப்பிடிக்குள் பேட்டரி. அதன்மேல் திரை.
முன்னால் தகடு, ஒரு திருகு, ஒரு கிளிக்.
கிட்டத்துக்குச் சின்னது, கூரைக்குப் பெரியது.

முப்பத்தைந்து கிலோஹெர்ட்ஸ்,
எந்தக் காதுக்கும் எட்டாத உயரத்தில்
காற்று கத்திக்கொண்டே வெளியேறுகிறது.
திரையில் மட்டும் சிவப்பு.
மில் முழுக்க யாரோ
வெற்றிலை துப்பி வைத்ததுபோல.

கலர் சார்ட்டர் அடியில் மட்டும் ஆறு.
கறுத்த அரிசியைக் கண்டுபிடித்து
காற்றால் அடித்துத் தள்ளும் மெஷின்;
அதற்குப் போகும் காற்றுதான் வழியெல்லாம் ஒழுகுகிறது.
"நம்ம தண்ணி மாதிரி" என்றார் ஃபிட்டர் பக்கிரிசாமி,
"கடைமடைக்கு வர்றதுக்குள்ள பாதியக் காணோம்."

எதிரொலியும் சிவப்பாகத்தான் தெரியும்.
தகரச் சுவரில் ஒரு பொய்ச் சிவப்பு இருந்தது.
இரண்டடி தள்ளி நின்றால் போதும்,
பொய் நம்மோடு நகரும்.
ஓட்டை இருந்த இடத்திலேயே இருக்கும்.

எலிவேட்டர் கோபுரம், மூன்றாம் தளம்.
குழாயே போகாத உத்தரத்தில் ஒன்று.
நான் நகர்ந்தேன், அது நகரவில்லை.
நான் நின்றேன், அது நகர்ந்தது.
பிறகு பறந்தது.
வௌவால்.
கருவி அதற்குள் கணக்கெழுதிவிட்டது:
கசிவு எண் 19. ஆண்டு விரயம்
ரூபாய் பதினோராயிரத்து நானூறு.

பக்கிரிசாமி சிரித்தார், உமித்தூசி இருமலோடு.
இருமல் நின்றதும் கேட்டார்:
"இத என் காதுப் பக்கம் காட்டேன். இடது."
பதினாறு வருஷமாக ஒரு விசிலாம்.
வீட்டுக்குப் போனாலும் கூடவே வருமாம்.

பெரிய தகட்டைக் கழற்றினேன், சின்னதை மாட்டினேன்.
மனுஷர் கேட்கும் அளவுக்கு அலைவரிசையை இறக்கினேன்.
திரை நிறைய அவர் காது:
மடலில் ஒரு நரைமுடி, வியர்வையில் ஒட்டிய தவிடு.
"ஒண்ணுமில்லையா?"
"இல்லண்ணே."
"நல்லாப் பாரு. இப்பக்கூடக் கேக்குது."
இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன்.

மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு
கப்ளர், ஓஸ், டிரெயின் வால்வு எல்லாம் மாற்றினார்.
மூன்று பத்துக்குக் கம்ப்ரசர் வாயை மூடியது.
எதுவோ வெடிக்கப்போகிறதென்று
பாய்லர்காரர் ஓடிவந்தார்.
முதலாளி ஆளுக்கொரு டீ சொன்னார்.
அந்த அமைதியில்
பக்கிரிசாமி ஸ்பேனரைத் துடைத்தார்,
துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அறிக்கையில் இருபத்தாறு கசிவுகள்.
ஆய்வு: ம. எமல்டா.
பத்தொன்பதை நீக்கினால் வரிசை குழம்பும், விட்டுவிட்டேன்.
அதன் எதிரே குறிப்புக் கட்டத்தில்
'சரிசெய்ய இயலாது' என்று எழுதியபோது
வௌவால் என் ஞாபகத்திலேயே இல்லை.

திரும்பும்போது ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
நெல் ஏற்றிய சரக்கு ரயில், எண்ண எண்ண வேகன்.
டிரைவர் இன்ஜினை அணைத்தார்.
பஸ்ஸுக்கடியில் எங்கோ
பிரேக் காற்று சீறிக்கொண்டே இருந்தது.
பெட்டி மடியில்தான் இருந்தது.
திறக்கவில்லை.